பத்தாம் அங்குலத்தில் ஒரு துளை

சென்ற தவணை விடுமுறையின்போது மயிலிட்டித் துறையிலே நாம் கண்ட ஒரு வழக்கினை இங்கே எழுதுகின்றோம். நீதிமன்றம் ஏறிய வழக்கன்று அது; பழைய படகொன்றின் குடிநீர்த் தாங்கியைப் பற்றியது. ஆயினும் குற்றஞ் சாட்டப்பட்டவன் ஒருவன் இருந்தான். தண்டனையும் அவனுக்கு முன்னரே விதிக்கப்பட்டு விட்டது.

படகின் சொந்தக்காரர் எம்மிடம் விஞ்ஞானம் பயின்ற மாணவர் ஒருவரின் தந்தையார். 1990 ஆம் ஆண்டில் ஊரைவிட்டு இடம்பெயர்ந்து, 2017 இல் துறை மீண்டும் திறக்கப்பட்டபின் திரும்பி வந்தவர்களுள் ஒருவர். புதுப் படகு வாங்க வசதியில்லாதவர். தென்பகுதித் துறையொன்றிலே இருபது ஆண்டுகள் உழைத்துக் களைத்த பலநாட் படகொன்றைக் கடன்பட்டு வாங்கியிருந்தார். ஆறு பேர் இருபது நாட்கள் ஆழ்கடலிலே தங்கித் தொழில் செய்யும் படகு அது.

அவ்வாறு சென்றவர்கள் ஒருமுறை பதின்மூன்றாம் நாளே கரைக்கு வந்துவிட்டனர். குடிக்கத் தண்ணீர் இல்லை. பத்தாம் நாளிலேயே தாங்கியின் நிலையைக் கண்டு ஓட்டி படகைத் திருப்பிவிட்டார். ஏற்றிய பனிக்கட்டியிற் பாதி வீணாயிற்று. எண்ணெய்ச் செலவுக்கும் மீன் போதவில்லை. பழி சமையல் செய்த பத்தொன்பது வயது இளைஞன்மேல் விழுந்தது. தாங்கியின் வால்வு அவன் கைப்பொறுப்பில் இருந்தது.

"பெடியன் தண்ணியை வாரி இறைச்சுப் போட்டான், மாஸ்டர். குளிச்சிருப்பான், உடுப்புத் தோய்ச்சிருப்பான்" என்றார் சம்மாட்டியார். அவனுக்குரிய பங்கை நிறுத்திவைத்து, வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்.

"தாங்கி ஒழுகவில்லை என்று பார்த்தீர்களா?" என்று கேட்டோம்.

"பாக்காமல் விடுவனோ? இருநூறு இலீற்றர் ஊத்தி இரண்டு நாள் வைச்சுப் பாத்தனான். ஒரு சொட்டுங் குறையேல்லை."

சோதனை செய்தே தீர்ப்பளித்திருக்கிறார். நாம் அதற்குமேல் ஒன்றும் பேசாதிருந்திருக்கலாம். ஆனால் இளைஞன் என்ன சொன்னான் என்று கேட்கத் தோன்றியது. மகன் சொன்னான்: "முதல் நாலு நாளும் தண்ணி விறுவிறெண்டு இறங்கினதாம், சேர். பிறகு நிண்டிட்டுதாம். அவன் மூடியைத் திறந்து தடி விட்டுப் பாக்கிறவன். பொய் சொல்லுறான் எண்டு அப்பா ஏசிப்போட்டார்."

பொய் சொல்பவன் இவ்வளவு விசித்திரமான பொய்யைச் சொல்லமாட்டான் என்று எமக்குப் பட்டது. பாத்திரத்தின் அடியிலன்றிப் பக்கத்திலே துளையிருந்தால் நீர் எப்படி இறங்கும்? துளைக்கு மேல் நீர் உயரமாக நிற்கும்போது விரைந்து பாயும். மட்டம் தாழத் தாழ வேகம் குறையும். துளையின் மட்டத்துக்கு வந்ததும் நின்றுவிடும். இத்தாலிய அறிஞர் ரொறிசெல்லி இதன் கணக்கை 1644 இல் வெளியிட்டார். அந்த நூலை இவ்விளைஞன் கண்டதில்லை. அவன் கண்டது தாங்கியை மாத்திரமே.

தாங்கியை அளந்தோம். நீளம் 54 அங்குலம், அகலம் 30, உயரம் 30. கொள்ளளவு ஏறத்தாழ 800 இலீற்றர். ஓர் அங்குல உயரத்துக்கு இருபத்தாறரை இலீற்றர் வரும். அப்படியானால் சம்மாட்டியார் ஊற்றிய இருநூறு இலீற்றரும் அடியிலிருந்து ஏழரை அங்குலத்துக்கே எட்டியிருக்கும். துளை அதற்கு மேலே இருந்தால் அவருடைய சோதனை எதனைக் காட்டும்?

வெளியேறும் குழாயின் வால்வை முதலில் இறுக மூடினோம். ஒழுகுவது குழாயா தாங்கியா என்ற ஐயம் இதனால் நீங்கும். தாங்கியின் அடியில் இருந்த மற்றொரு துவாரத்திலே நிறமற்ற பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தி நிமிர்த்திக் கட்டினோம். உள்ளே நீர் நிற்கும் மட்டத்தைக் குழாயும் வெளியே காட்டும். முதல் நாள் மாலை எட்டு அங்குலம் வரை நீர் ஊற்றினோம். விடியும்வரை மட்டம் அசையவில்லை. சம்மாட்டியார் எம்மைப் பார்த்துச் சிரித்தார். பின்பு பன்னிரண்டு அங்குலம் வரை நிரப்பினோம். மறுநாட் காலை பத்தேகால் அங்குலம். அன்று மாலை பத்து. அதன்பின் ஓர் இரவு முழுவதும் காத்திருந்தும் பத்துக்குக் கீழே ஒரு மயிரிழையும் இறங்கவில்லை.

சம்மாட்டியாரின் சிரிப்பு நின்றது. ஆனாலும் அவர் எளிதில் விடுபவரல்லர். படகின் அடியிற் கிடந்த ஈரத்தைக் காட்டி, விசிறியின் தண்டு வெளியேறும் வழியாக வந்த கடல்நீர் இது என்று வாதாடினார். பழைய படகுகளில் அவ்விடத்திலே சிறிது நீர் கசிவது வழமைதான். கடலில் இருந்தபோது பம்பி அடிக்கடி தானே இயங்கியதை எல்லோரும் கேட்டிருந்தனர். அதற்கும் இக்காரணத்தையே கூறிக்கொண்டனர். குடிக்கவேண்டிய நீரைத் தம் கண்முன்னே பம்பி கடலுக்குள் வீசிக்கொண்டிருந்ததை ஒருவரும் அறியவில்லை.

எண்ணெய் கலந்த அந்நீரை நாவில் வைத்துப் பார்ப்பது தகாது. கல்லூரி ஆய்கூடத்திலிருந்து சிறிது வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் வரவழைத்தோம். தாங்கியின் பின்புறத்துக்கு நேர்கீழே, அடிநீரோடு கலக்குமுன் வழிந்த நீரைப் பஞ்சில் ஒற்றி எடுத்துக்கொண்டோம். கடல்நீரில் இரண்டு துளி கரைசலை இட்டதும் தயிர்போலத் தடித்த வெண்படிவு விழுந்தது. கிணற்று நீர் சற்றே மங்கிப் பால்கலங்கியது. எமது கரையோரக் கிணறுகளில் உப்பு அறவே இல்லாமற் போவதில்லையே. பஞ்சில் எடுத்த நீரும் கிணற்று நீரைப்போலவே மங்கியது. மாணவர் இருவர் இதைப் பார்ப்பதற்காகவே சைக்கிளில் வந்திருந்தனர்.

உயரம் தெரிந்துவிட்டது, நான்கு பக்கங்களுள் எந்தப் பக்கம்? முன்பக்கம் கண்ணுக்குத் தெரிந்தது, அது உலர்ந்திருந்தது. ஏனைய மூன்றும் படகின் உடலோடு ஒட்டியிருந்தன. கை நுழையாது. மூங்கிற் சிலாகையின் நுனியிலே தாள்துண்டைச் சுற்றி, பத்து அங்குல உயரத்திலே மெல்ல நுழைத்து இழுத்துப் பார்த்தோம். (பயன்பட்டவை ஞாயிறு இதழின் பழைய தாள்களே, ஆசிரியர் பொறுத்தருள்வாராக.) பின்பக்கத்தில் மூன்றாம் முறை இழுத்தபோது தாள் நனைந்து வந்தது. அவ்விடத்திலேதான் தாங்கியை இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பட்டை ஒன்று இருந்தது.

பட்டையைக் கழற்றித் தாங்கியை முன்னே நகர்த்தியபின் உண்மை வெளிப்பட்டது. பட்டைக்கும் தகட்டுக்கும் இடையில் வைத்த இறப்பர்த் துண்டு உப்புநீரை ஊறவைத்துக்கொண்டு பல்லாண்டுகள் இருந்திருக்கிறது. அதன் கீழே தகடு அம்மை விழுந்த முகம்போலக் குழிகுழியாய் அரித்துக் கிடந்தது. குழிகளுள் ஒன்று மறுபக்கம் வரை சென்றுவிட்டது. குண்டூசித் தலையளவுகூட அது இல்லை.

இது எவர்சில்வர்த் தாங்கியாயிற்றே, துருப்பிடிக்குமா என்று வாசகர் கேட்கலாம். அவ்வுருக்கிற் கலந்துள்ள குரோமியம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு கூடி மிக மெல்லிய ஒட்சைட்டுப் போர்வையாகத் தகட்டை மூடுகின்றது. கீறினாலும் போர்வை தானே மீண்டும் உண்டாகும். ஆனால் அதற்குக் காற்று வேண்டும். காற்றுப் புகாத இடுக்கிலே உப்புநீர் தேங்கினால் போர்வை கிழிந்த இடம் கிழிந்தபடியே இருக்கும். அரிப்பு அவ்விடத்திலேயே ஆழமாக இறங்கும். நல்லெண்ணத்தோடு வைத்த இறப்பர் மெத்தையே தாங்கியின் கேடாயிற்று.

பழுதுபார்த்த கதையை நீட்டவேண்டியதில்லை. வெளியிலே பசை பூசி அனுப்பிவிடலாம் என்றனர் சிலர். இருபது நாட் பயணத்துக்குப் பசையை நம்புவதற்கு எமக்கு மனம் வரவில்லை. பைபர் கிளாஸ் உடலுக்கும் எண்ணெய்க்கும் அருகிலே தீப்பொறி பறக்க வெல்டிங் செய்யவும் இயலாது. எனவே மேற்றளப் பலகைகளைக் கழற்றித் தாங்கியை வெளியே தூக்கி, அரித்த பகுதியைச் சதுரமாக வெட்டியெடுத்து, ஆகன் வாயுவின் துணையோடு புதுத்தகடு வெல்டிங் செய்யப்பட்டது. வேலை ஒரு பகலில் முடிந்தது. துளையைத் தேடியதற்கோ மூன்று நாட்கள்.

காற்றடைத்துச் சோதிப்போம் என்று தொழிலாளி சொன்னபோது மட்டும் நாம் தடுத்தோம். சதுர அங்குலத்துக்கு ஒரு இறாத்தல் அழுத்தம் என்பது கேட்கச் சிறிது. ஆனால் 54 அங்குலம் நீளமும் 30 அங்குலம் உயரமுமுள்ள தட்டையான பக்கத்தின்மேல் அது 1620 இறாத்தல் விசையாகிவிடும். தகடு பிதுங்கிப் புதிய ஒட்டுகளும் விட்டுப்போகலாம். வாய்வரை நீர் நிரப்பி மூன்று நாட்கள் வைத்தோம். குழாயில் இட்ட மைக்கோட்டை விட்டு நீர் அசையவில்லை. மீண்டும் பொருத்தியபோது, பட்டைக்குக் கீழே நீர் நுழையாதபடி விளிம்பெல்லாம் பசையால் அடைக்கப்பட்டது.

சம்மாட்டியார் எம் கொப்பியை வாங்கிக் கணக்கை இருமுறை பார்த்தார். ஆறு பேருக்கு ஆளுக்கு ஐந்து இலீற்றர், நாளுக்கு முப்பது. நான்கு நாட்களில் அவர்கள் செலவிட்டது 120. பத்தங்குலத்துக்கு மேலே இருந்த 535 இலீற்றரில் மிகுதி 415 துளைவழியே போயிற்று. எஞ்சிய 265 ஒன்பது நாட்களுக்கும் போதாது. படகு உருளும்போது அதிலும் சிறிது சிந்தியிருக்கும். நான்கு நாட்களும் நாளொன்றுக்கு நூறு இலீற்றருக்கு மேல், ஐந்து பேர் பார்த்திருக்க, ஓர் இளைஞன் எங்கே கொட்டியிருக்க முடியும்?

கடலிலே குடிநீர் கெட்டால் வருந் துன்பம் பெரியது. பம்பாயிலே தேக்கினாற் கட்டப்பட்ட சுகைலி என்ற சிறு படகில், 1968 யூன் 14 இல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு எங்கும் தரிக்காமல் தனியே உலகைச் சுற்றிய இறொபின் நொக்ஸ்-ஜோன்ஸ்ரன் என்பவரின் நீர்த்தாங்கிகள் வழியிலே மாசடைந்து பயனற்றுப்போயின. பாயில் விழுந்த மழைநீரைப் பிடித்துக் குடித்து, 1969 ஏப்பிரல் 22 இல் அவர் கரையேறினார். அவர் தனியாள், பழி சொல்ல அருகில் எவரும் இல்லை.

அன்று மாலையே சம்மாட்டியார் மோட்டார் சைக்கிளில் இளைஞனின் வீட்டுக்குச் சென்றார். நிறுத்திவைத்த பங்குப் பணத்தைத் தாயாரின் கையிற் கொடுத்தார் என்று மகன் கூறினான். என்ன பேசினார் என்பது எமக்குத் தெரியாது, நாம் கேட்கவுமில்லை. மறுநாள் இளைஞன் துறைக்கு வந்தான். வெட்டியெடுத்த பழைய தகட்டைக் கையில் வாங்கி, வெயிலுக்கு நேரே பிடித்து, ஊசிமுனைபோல் ஒளி புகுந்த இடத்தை நெடுநேரம் பார்த்தான்.

"வாறியா தம்பி?" என்றார் சம்மாட்டியார்.

"வாறன் ஐயா. ஆனா விடியக்காலமை ஒவ்வொரு நாளும் வேற ஆரும் தண்ணி மட்டத்தைப் பாத்து எழுதவேணும். நான் எழுதமாட்டன்."

சம்மாட்டியார் தலையசைத்தார். எம் பையிலிருந்த புதிய அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்து ஓட்டியிடம் கொடுத்தோம்.