ஓய்வுபெற்ற போலீஸ்காரர் இறந்தால்: மரியாதை, பணம், ஆறடி நிலம்

பணியில் இறந்த போலீஸ்காரரைக் குண்டு முழங்க அடக்கம் செய்வதை டிவியில் பார்த்திருப்போம். அப்ப ரிட்டயர் ஆனவருக்கு? இதில் மூன்று விஷயங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். கொடைக்கானல் தாலுகாவை வைத்துப் பிரித்துப் பார்ப்போம்.

மரியாதை: இதைத் துறைதான் முடிவு செய்யும். பக்கத்து ஸ்டேஷன் மூலம் திண்டுக்கல் எஸ்.பி. அலுவலகத்துக்கு உடனே சொல்லிக் கேட்கலாம். கீழேயிருந்து மலையேறி வர நேரம் பிடிக்கும், தாமதிக்காதீங்க.

பணம்: மாநில ஓய்வூதியர் குடும்பப் பாதுகாப்பு நிதியில் 50,000 ரூபாய் வரும். இது தானமில்லை, மாதாமாதம் அவர் பென்ஷனில் பிடித்த சந்தாவுக்கு உண்டான உரிமை. ஆனா அடக்கத்தன்றே கைக்கு வராது. 21 நாளுக்குள் இறப்பைப் பதிந்து, சான்றிதழோடு கருவூலத்தில் விண்ணப்பிக்கணும். குடும்ப ஓய்வூதியமும் அங்கேதான். தகவல் சொல்லாமல் விட்டு, கணக்கில் தொடர்ந்து விழும் பென்ஷனை எடுத்தால் பின்னால் பிடித்துக்கொள்வார்கள்.

நிலம்: இங்கே ரேங்க் செல்லாது. தாண்டிக்குடிப் பக்கம் சொந்தக் காப்பித் தோட்டத்திலேயே புதைக்கலாமா? 1999-ஆம் ஆண்டு ஊராட்சி விதிகளின்படி புது இடத்துக்கு உரிமம் வேண்டும். வீட்டிலிருந்தோ குடிநீர் ஆதாரத்திலிருந்தோ 90 மீட்டருக்குள் கூடாது. ஓடைத் தண்ணி குடிக்கிற மலையில் இது வெறும் சம்பிரதாயம் இல்லை. நகராட்சி எல்லைக்குள் என்றால் நகராட்சியைக் கேட்கணும்.

ஆக, பென்ஷன் புத்தகம் எங்கே, வாரிசு நியமனம் யார் பேரில் என்று அவர் இருக்கும்போதே கேட்டு வைப்பது அபசகுனம் இல்லைங்க. அந்த வீட்டம்மாவுக்குச் செய்யும் உதவி.