கைக்கடிகாரமும் வருகைப் பதிவேடும்



சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில் என் பேத்தியைத் தூளியிலிட்டு முக்கால் மணி நேரம் ஆட்டிக்கொண்டிருந்தேன். உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழவேயில்லை. குழந்தை உறங்கியபின், என் மகன் வாங்கித் தந்திருந்த கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அந்நேரத்துக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட அடிகள் நான் நடந்துவிட்டதாக அது காட்டியது, பாராட்டவும் செய்தது!

அந்தக் கடிகாரத்தினுள்ளே ஓர் அரிசி மணியளவே உள்ள உணர்கருவி இருக்கிறது. கை அசையும் வேகம் எப்படி மாறுகிறது என்பதை அது மூன்று திசைகளில் இடையறாது அளந்து வருகிறது. ஏற்றமும் இறக்கமும் ஒரு தாளத்தோடு மாறி மாறி வருமாயின், அதை நடையெனக் கொள்ளுமாறு அதற்குக் கற்பித்திருக்கிறார்கள். தூளி ஆட்டும் கைக்கும் தாளம் உண்டன்றோ? அசைவை அது சரியாகவே அளந்தது. அதற்குப் பொருள் கண்டபோதுதான் பிழைபட்டது.

கணிப்பொறி மேசையை விட்டிறங்கி மனிதனின் மணிக்கட்டுக்கு வந்து சேர்ந்தது தற்செயலன்று. கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆராய்ச்சி மையத்தில் பணிபுரிந்த மார்க் வைசர் என்னும் அறிஞர், 1988-ஆம் ஆண்டளவில் இதனை முன்கூட்டியே எண்ணிப் பார்த்தார். ‘யுபிக்விட்டஸ் கம்ப்யூட்டிங்’ என்று அதற்குப் பெயரும் இட்டார். எங்கும் நிறைந்த கணிமை என்று நாம் சொல்லலாம். 1991-இல் ‘சயன்டிபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதிய கட்டுரையில் எழுத்துக்கலையையே அவர் உவமை காட்டினார். தெருவில் செல்லும்போது கடைப் பலகைகளைப் படிக்கிறோம். படிக்கிறோம் என்ற நினைவே நமக்கு எழுவதில்லை. கணிப்பொறியும் அவ்வாறே கண்ணுக்குப் புலப்படாமல் வாழ்க்கையோடு கலந்துவிட வேண்டும் என்பது அவர் கருத்து. இன்று நம் சட்டைப் பையில் உள்ள கைப்பேசியைக் காணாமலே, 1999-இல் தம் 46-ஆம் வயதில் அவர் காலமானார்.

எங்கும் கருவிகள் நிறைந்தபின், எங்கும் குறிப்புகளும் நிறைந்தன. எங்கே நின்றோம், எத்தனை மணிக்கு உறங்கினோம், எதைத் தேடினோம் என்பனவெல்லாம் எண்களாகச் சேர்கின்றன. இவற்றைத் ‘தரவு’ என்கிறோம். இத்தரவிலிருந்து பொருள் காண்பதில்தான் இடர் இருக்கிறது.

ஜெர்மனியிலிருந்து ஒரு வேடிக்கையைச் சொல்கிறேன். சைமன் வெக்கர்ட் என்னும் கலைஞர் 99 பழைய கைப்பேசிகளை ஒரு சிறு கைவண்டியில் நிரப்பி, பெர்லின் நகரத் தெருவில் மெல்ல இழுத்துச் சென்றார். கூகுள் நிலப்படத்தில் அத்தெரு நெரிசல் மிகுந்ததாகச் சிவந்து காட்டியது. தெருவோ வெறிச்சோடிக் கிடந்தது! 99 கைப்பேசிகள் மெல்ல நகர்ந்தது மெய்; 99 வண்டிகள் முடங்கின என்று கொண்டதுதான் பொய். இச்செய்தியை அவர் 2020-இல் வெளியிட்டபோது உலகம் நகைத்தது.

நகைக்க முடியாத நிகழ்ச்சியும் உண்டு. 2008-இல் கூகுள் நிறுவனம், மக்கள் தேடும் சொற்களைக்கொண்டே ஃபுளூ காய்ச்சல் பரவுவதை மதிப்பிடத் தொடங்கியது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் மருத்துவர்களிடமிருந்து விவரம் திரட்டி வெளியிட ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும்; இதுவோ ஒரே நாளில் கூறிவிடும். நோக்கம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஐந்து கோடித் தேடல் தொடர்களைச் சலித்து, காய்ச்சலின் ஏற்றத்தாழ்வோடு நெருங்கி ஒத்துவந்த 45 தொடர்களைப் பொறுக்கினார்கள். பொறுக்கும்போது பள்ளிக் கூடைப்பந்து பற்றிய தேடலும் காய்ச்சலோடு சேர்ந்தே உயர்ந்து சேர்ந்தே தாழ்வதைக் கண்டார்களாம்! கூடைப்பந்தால் காய்ச்சல் வருவதில்லை. அந்நாட்டில் இரண்டுக்கும் குளிர்காலமே பருவம், அவ்வளவுதான். அதனை விலக்கினார்கள். ஆயினும் 2009-இல் வசந்தத்தில் பரவிய புதுவகை ஃபுளூவை அக்கணக்கு உரியவாறு காட்டத் தவறியது. 2012-13 குளிர்காலத்திலோ, காய்ச்சலுக்காக மருத்துவரை நாடியோரின் விகிதத்தை உண்மையினும் இரு மடங்குக்கு மேலாகக் கூறிற்று. ஒருவர் ‘காய்ச்சல்’ என்று ஏன் தேடினார்? தமக்கு நோயா, செய்தித்தாள் தந்த அச்சமா, பள்ளிக்கூடக் கட்டுரைக்காகவா? தேடல் சொல் அதனைச் சொல்லாதே. 2015-இல் அம்மதிப்பீடுகளை வெளியிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

இவர்களைக் குறைகூற எனக்கு உரிமையில்லை. இதே பிழையை ஒரு கணிப்பொறியும் இல்லாமலே நான் செய்திருக்கிறேன். 1990-களின் தொடக்கத்தில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு ஆசிரியனாக இருந்தேன். வருகைப் பதிவேட்டில் ஒரு மாணவனின் பெயருக்கு நேராகப் புதன்கிழமைதோறும் சிவப்புக் குறி விழுந்திருந்தது. அவ்வூரில் புதன்கிழமை சந்தை நாள். இதைக் கண்டுபிடித்துவிட்ட பெருமிதம் எனக்கு! சந்தையில் சுற்றித் திரிகிறான் என்று முடிவுகட்டி, இரண்டு வியாழக்கிழமைகள் அவனை வகுப்புக்கு வெளியே நிறுத்தினேன். அவனை ஒரு சொல் கேட்கவில்லை. அவனும் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் வாரம் புதன்கிழமை மாலை அவன் வீட்டுக்கே போனேன். கூரைவீட்டுத் திண்ணையில், இடுப்பில் ஒரு பெண்குழந்தையோடு அவன் நின்றிருந்தான். தாய் சந்தையில் கீரை விற்கப் போயிருந்தாள், தகப்பன் இல்லை. அன்று ஒரு நாள் மட்டும் தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் கிடையாது. புதன்கிழமை என்று நான் கண்டது சரி, சந்தை என்று கண்டதும் சரி. அவனைப் பற்றி நினைத்தது மட்டுமே தவறு. என்னைக் கண்டதும் அவன் திண்ணையிலிருந்து இறங்கி, வகுப்புக்கு வெளியே நிற்பதுபோலவே சுவரோரம் ஒதுங்கி நின்றான்.

அதற்கடுத்த புதன்கிழமை அவன் தங்கையையும் அழைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தான். நான்தான் அவ்வாறு சொல்லியனுப்பியிருந்தேன். பதிவேட்டில் பெயரில்லாத அச்சிறுமி கடைசி வரிசையில் ஒரு சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு, நண்பகல்வரை ஓசையின்றிக் கிறுக்கிக்கொண்டிருந்தாள்.