பழமொழியும் பெயர்ப்பும்: ‘தி ஷைனிங்’ திரைப்படத்தின் தட்டச்சுத் தாள்கள்

1. முன்னுரை

திரையில் தோன்றும் எழுத்து கதையின் உறுப்பாகவே அமையும்போது அதனை எவ்வாறு மொழிபெயர்ப்பது என்பது திரைப்பட மொழிபெயர்ப்பில் அரிதாகவே ஆராயப்படும் சிக்கலாகும். ஸ்டான்லி கூப்ரிக் இயக்கி 1980இல் வெளிவந்த ‘தி ஷைனிங்’ இதற்குத் தக்க சான்றாகும். ஸ்டீபன் கிங் 1977இல் வெளியிட்ட புதினத்தைத் தழுவிய இப்படம் உளவியல் அச்சப்பட வகையைச் சார்ந்தது.

குளிர்காலத்தில் மூடிக்கிடக்கும் மலை விடுதி ஒன்றின் காவற்பணியை ஏற்கும் எழுத்தாளன் ஜாக், மனைவி வெண்டியுடனும் மகனுடனும் அங்குத் தங்கிப் புதினம் எழுத முனைகிறான். பல வாரங்கள் தட்டச்சு ஓசை கேட்கிறது. இறுதியில் வெண்டி தாள்களைப் புரட்டும்போது எல்லாப் பக்கங்களிலும் ஒரே பழமொழி திரும்பத் திரும்ப அடிக்கப்பட்டிருக்கிறது. புதினத்தில் இடம்பெறாத இக்காட்சியே படைப்பு வெறி பித்தாக முடிந்ததை வெளிப்படுத்துகிறது.

2. மூலத் தொடரின் இயல்புகள்

ஓயாத வேலையும் விளையாட்டின்மையும் ஜாக்கை மந்தனாக்கும் என்பது அந்த ஆங்கிலப் பழமொழியின் பொருள். இதில் நான்கு இயல்புகள் கருதத்தக்கன.

முதலாவது, இது ஆங்கிலேயர் அனைவரும் அறிந்த வழக்கு. எழுத்தாளனின் சொந்தச் சொல் அன்று. இரண்டாவது, ‘ஜாக்’ என்பது தமிழில் குப்பன், சுப்பன் என்பன போல யாரையும் குறிக்கும் பெயர். இங்கு அதுவே கதைமாந்தனின் பெயருமாகிறது. மூன்றாவது, தொடர் படர்க்கையில் அமைந்துள்ளமையால், எழுதுபவன் தன்னையே பிறன்போல் நோக்கும் நிலை உருவாகிறது. நான்காவது, வேலை என்னும் கருத்து முரணணியாக நிற்கிறது. வேலை மிகுதியைப் பழிக்கும் தொடரை அடிப்பதே அவன் செய்த ஒரே வேலை.

தாள்களில் இத்தொடர் சில இடங்களில் பத்தியாகவும், சில இடங்களில் உள்தள்ளிய வரிகளாகவும் காணப்படுகிறது. தட்டச்சுப் பிழைகளும் உண்டு. இலக்கிய வடிவம் எஞ்சியிருக்க, உள்ளடக்கம் மட்டும் அழிந்துவிட்டது.

3. நான்கு மொழிகளில் உருவாக்கம்

துணைத் தலைப்பு பொருளை ஒருமுறை கூறும். நூற்றுக்கணக்கான முறை மீள்வதைக் கண்ணுக்குக் காட்டாது. ஆகவே நான்கு ஐரோப்பிய மொழிகளுக்கு உரிய தாள்களைக் கூப்ரிக் தனித்தனியே உருவாக்கச் செய்தார். அவற்றில் மூலத் தொடர் பெயர்க்கப்படவில்லை. அந்தந்த மொழியின் பழமொழியொன்று இடம்பெற்றது.

இத்தாலிய வடிவம் காலைப்பொழுதின் வாயில் பொன் உண்டு என்கிறது. ஜெர்மானிய வடிவம் இன்று இயல்வதை நாளைக்குத் தள்ளாதே என்கிறது. எவ்வளவு முன்னதாக எழுந்தாலும் பொழுது முன்னதாக விடியாது என்பது ஸ்பானிய வடிவம். ‘இந்தா’ என்னும் ஒன்று ‘உனக்குக் கிடைக்கும்’ என்னும் இரண்டினும் மேல் என்பது பிரெஞ்சு வடிவம்.

ஒப்பிடின், பெயர்ப் பொருத்தம் நான்கிலும் மறைந்துவிட்டது. இத்தாலியமும் ஜெர்மானியமும் உழைப்பைப் போற்றுவதால் மூலத்தின் கருத்துக்கு மறுதலையாகின்றன. ஆயினும், ஒன்றும் எழுதாதவன் அவற்றை அடிக்கும்போது முரண் வேறுவழியில் மீள்கிறது. ஸ்பானியம் முயற்சியின் பயனின்மையைச் சுட்டுவதால் காட்சிக்கு மிக அணுக்கமானது. பிரெஞ்சு வடிவத்தில் வேலை என்னும் கருத்தே இல்லை.

இடக்கூறும் மாறுகிறது. ஜெர்மானியம் முன்னிலை ஏவலாதலின், ஒருவன் தனக்குத்தானே கட்டளையிடுவது போன்ற தோற்றம் எழுகிறது. மூலத்தில் இல்லாத இவ்வச்சம் பெயர்ப்பில் கிடைத்த வரவாகும்.

4. தமிழாக்க வாய்ப்புகள்

தமிழில் பெயர்ப்பவர் முன் மூன்று வழிகள் உள்ளன. நேர்பெயர்ப்பு பெயரையும் கருத்தையும் காக்கும். ஆனால் பழமொழித் தன்மையை இழக்கும். ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்பது ஜெர்மானிய வடிவத்தை ஒத்த ஏவல். உழவுக் களத்தின் சாயல் பனிமலை விடுதிக்கு ஒவ்வாதெனினும் வழக்குத் தன்மை நிலைபெறும். ‘நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமில்லை’ என்பது ஜாக்கின் நிலைக்கு மிகப் பொருந்தும். ஆயின் அதன் எள்ளல் நகைப்பை விளைத்து அச்சத்தைக் குலைத்துவிடும். பொருட் பொருத்தம் மட்டுமே தெரிவுக்குப் போதாது என்பதை இது காட்டுகிறது.

5. முடிவுரை

யூஜின் நைடா 1964இல் விளக்கிய இயங்குநிலை நிகர்மை, பெறுமொழியாளரிடம் எழும் விளைவையே அளவுகோலாகக் கொள்கிறது. இக்காட்சியில் அவ்விளைவு தொடரின் பொருளைச் சார்ந்ததன்று. யாவரும் அறிந்த, தேய்ந்த ஒரு தொடர் படைப்பின் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்னும் அறிதலைச் சார்ந்தது. எனவேதான் பொருளில் முரண்பட்ட நான்கு தொடர்களும் ஒரே பணியைச் செய்ய இயன்றது. பழமொழியைப் பெயர்ப்பவர் அது என்ன கூறுகிறது என்பதற்கு முன், அவ்விடத்தில் ஒரு பழமொழி ஏன் வந்தது என்பதை வினவுதல் வேண்டும்.