நாற்றமும் நறுமணமும்

எங்கள் தோட்டப் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர்க்கு அண்மையில் ஒரு பயிற்சி கொடுத்தேன். 'உங்கள் வீட்டில் மணம் வீசும் பொருள்களை எழுதி வருக' என்பதே அது. மல்லிகை, சாம்பிராணி, பண்டான் இலை, பாட்டி தாளிக்கும் ரசம் ஆகியவை வரும் என்று காத்திருந்தேன். வந்தவையோ தரை துடைக்கும் நீர், தட்டுக் கழுவும் சவர்க்காரம், துணியை மென்மையாக்கும் நீர், கழிவறையில் தொங்கும் வில்லை, காற்றில் பீய்ச்சும் புட்டி என்பன. ஒரு சிறுவன், "எங்கள் வீட்டில் எலுமிச்சை கழிவறையில் இருக்கிறது" என்று எழுதியிருந்தான். சிவப்பு மையை எடுத்த நான், எங்கே கோடிடுவது என்று தெரியாமல் பேனாவை மூடி வைத்தேன். என் வீட்டு எலுமிச்சையும் அங்கேதான் இருக்கிறது!

நாம் ஏன் இவ்வாறு மணத்தின் பின்னால் ஓடுகிறோம்? இதற்கு விடை தேடுமுன், 'நாற்றம்' என்னும் சொல்லைச் சற்றே நோக்குவோம். இன்று ஒருவர் வீட்டிற்குச் சென்று, "உங்கள் வீடு நாறுகிறது" என்றால் அத்துடன் உறவு முறியும். பண்டைத் தமிழர்க்கோ நாற்றம் என்பது ஐம்புல நுகர்ச்சிகளுள் ஒன்று. மணத்திற்கும் அதுவே பெயர். மொட்டுக்குள் அடங்கிக் கிடக்கும் நறுமணத்தைச் சொல்ல வந்த வள்ளுவர் இச்சொல்லையே ஆள்கிறார். நல்லதாயிருந்த சொல் நாளடைவில் தாழ்ந்தது. இழிபொருட்பேறு என்று மொழிநூலார் இதனைக் கூறுவர்.

வேதியியலிலும் இதற்கு ஒப்பான செய்தி ஒன்று உண்டு. மல்லிகையின் மணத்திற்குத் துணை செய்யும் பொருள்களுள் இண்டோல் என்பது ஒன்று. மிகச் சிறிதளவில் அது பூ மணம். அளவு மிகுந்தால் மல நாற்றம். மலத்திலும் அப்பொருள் உள்ளது என்பதை மல்லிகை சூடும் மங்கையரிடம் நான் சொன்னதில்லை. ஆசிரியர்களும் சொல்ல வேண்டா.

அளவு மிகுவது எவ்வாறு? இங்கே குற்றவாளி நம் மூக்கு. ஒரே மணம் தொடர்ந்து வீசுமானால், சில மணித்துளிகளில் மூக்கும் மூளையும் அதனைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. கட்டிப்பாலிலுள்ள புரதம் முதலியவற்றை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது எழும் நெடி, பட்டணத்திலிருந்து வந்த உறவினரை மூக்கைப் பிடிக்க வைக்கும். லயத்தில் வாழ்ந்த நாங்களோ, "என்ன நாற்றம்?" என்று அவரையே கேட்போம். நறுமணத்திற்கும் இதே கதிதான். முதல் வாரம் ஒரு மூடி ஊற்றினால் வீடு மணக்கும். அடுத்த மாதம் இரண்டு மூடி வேண்டும். வீட்டார்க்கு எதுவும் தெரியாது. வந்த விருந்தினர் தும்முவார்.

செலவும் தும்மலும் மட்டும் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். அதற்கு மேலும் உண்டு. அந்துருண்டையை எடுத்துக்கொள்வோம். பாட்டிமார் பழைய வேட்டியையும் நூற்சேலையையும் பெட்டியில் மடித்து வைத்து, அதற்குள் நான்கு உருண்டைகளைப் போட்டு வைப்பர். பேரன் பிறந்ததும் அத்துணியை எடுத்து மெத்தென்று விரிப்பர். அன்பில் குறையில்லை, ஆனால் அவ்வுருண்டை நாப்தலீன் என்னும் பொருளால் ஆனதாயிருந்தால் தீங்கு நேரலாம். ஜி6பிடி என்னும் நொதி குறைவாயுள்ள குழந்தைகளுக்கு, அந்த ஆவி குருதியின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். மஞ்சட்காமாலை முற்றி மூளையையே தாக்கும் அளவுக்கும் போகும். இக்குறை மரபு வழி வருவது. ஆண் குழந்தைகளிடம் மிகுதி. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிறந்த குழந்தைக்கு இதற்கான குருதிச் சோதனை செய்வது இதனால்தான். துணியில் 'மணம்' இருக்கும் வரை ஆவியும் இருக்கிறது என்பதைப் பாட்டிமார்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டும்.

இனி, கெட்ட நாற்றத்தின் பெருமையைக் கூறுவேன். 1937 மார்ச் 18ஆம் நாள், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்னும் ஊரிலிருந்த பள்ளிக்கூடம் வெடித்துச் சிதறியது. மாணவரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். கட்டடத்தைச் சூடாக்கப் பயன்பட்ட இயற்கை எரிவாயு ஒழுகித் தரைக்கு அடியில் நிறைந்திருந்தது. அதற்கு மணம் இல்லை. ஆகவே எவரும் அறியவில்லை. அதன் பின்னரே எரிவாயுவில் நாறும் பொருளைக் கலக்க வேண்டும் என்று அம்மாநிலம் சட்டம் இயற்றியது. பிற இடங்களிலும் அவ்வழக்கம் பரவியது. இன்று நம் சமையல் எரிவாயுவில் கலக்கப்படும் எத்தில் மெர்காப்டனைக் காற்றில் அணுவளவு இருந்தாலும் மூக்கு கண்டுகொள்ளும். நாற்றம் இங்கே காவலன்.

அந்தக் காவலனை நாம் என்ன செய்கிறோம்? சென்ற ஆண்டு தீபாவளிக்கு முன்னாள் எங்கள் வீடு ஒரு பூங்காவாக மணந்தது. தரையில் ஒரு பூ, காற்றில் ஒரு பூ, திரைச்சீலையில் ஒரு பூ. மாலையில் ஈப்போவிலிருந்து வந்த என் தமக்கையார் வாசலில் கால் வைத்ததுமே, "தம்பி, கேஸ் ஒழுகுதுடா! விளக்கைத் தட்டாதே, சன்னலைத் திற" என்று கூவினார். பார்த்தால், அடுப்புக் குழாயில் வெடிப்பு. காலையிலிருந்தே ஏதோ ஒரு நெடி தெரிந்தது உண்மை. சாக்கடை என்று எண்ணி, அதன் மேல் மூன்று முறை லாவண்டர் பீய்ச்சியவன் நானே! முப்பதாண்டுக் காலம் மாணவர்க்கு அறிவியல் கற்பித்தவன் செய்த செயல் இது.

வேடிக்கை இன்னும் முடியவில்லை. அத்தகைய பீய்ச்சும் புட்டிகள் பலவற்றில் மணத்தை வெளியே தள்ளுவதற்கு அடைத்திருப்பது புரொப்பேனும் பியூட்டேனுமே. அடுப்பை எரிப்பவையும் அவையே. அடுப்புக்குச் செல்லும்போது நம்மைக் காக்க நாற்றம் சேர்க்கிறார்கள். புட்டிக்குள் செல்லும்போது நாறாதவாறு வடிகட்டுகிறார்கள்.

நறுமணத்தை வெறுக்கச் சொல்லவில்லை. பூவும் சாம்பிராணியும் நம் வாழ்வோடு கலந்தவை. தூய்மையும் மணமும் வேறு வேறு என்பதை அறிந்தால் போதும். தூய நீருக்கு மணமில்லை. நன்கு கழுவி வெயிலில் உலர்ந்த பாத்திரத்திற்கும் மணமில்லை. வீட்டில் ஒரு நெடி எழுந்தால், முதலில் சன்னலைத் திறப்போம். அடுத்து, அஃது எங்கிருந்து வருகிறது என்று தேடுவோம். அதை நீக்கிய பின் மல்லிகையைக் கொண்டு வருவோம். இந்த வரிசையை மாணவர்க்கும் சொல்லிக் கொடுப்போம்.

அச்சிறுவனின் வாக்கியத்திற்கு முழு மதிப்பெண் அளித்தேன். என் வீட்டு எலுமிச்சை இப்போது அடுக்களைக்கு மாறிவிட்டது; தமக்கையார் ஊறுகாய் போட்டுக் கொடுத்தார்.