ஒரு கொம்பியூட்டரில் இரண்டு இயங்குதளம்



விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு மேம்படுத்தல்கள் 2025 ஒக்டோபர் 14உடன் நின்றுவிட்டன. பதிந்துகொண்டவர்களுக்கு 2026 ஒக்டோபர் வரை நீடிப்பு என்று மைக்ரோசொஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11, ரி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் ஓரளவு புதிய செயலியையும் கேட்கிறது. அதனால் நன்றாக ஓடுகிற பழைய பெட்டிகளும் கழிபட்டுப் போகின்றன. "அண்ணை, இதை எறியிறதோ, வைச்சிருக்கிறதோ?" என்று நேயர்கள் கேட்கிறார்கள்.

எறிய வேண்டாம். அதே பெட்டியில் விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸையும் நிறுவலாம். ஒரு கலையகம், இரண்டு அறிவிப்பாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஒலிவாங்கி முன் இருக்க முடியும். பெட்டியைப் போட்டதும் யார் வருவது என்று ஒரு சிறு பட்டியல் கேட்கும். அதுதான் 'கிரப்'.

இது புதுமையான காரியமுமல்ல. தமிழ்நாட்டில் 2011 செப்டெம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், பிள்ளைகளுக்குக் கொடுத்த கணினிகளில் விண்டோஸும், சென்னை சி-டாக் உருவாக்கிய பொஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன.

லினக்ஸ் மட்டும் போதாதா? என்னைப் போன்ற கணக்காளனுக்குப் போதாது. குவிக்புக்ஸ் டெஸ்க்டொப் போன்றவை அதில் நேரடியாக ஓடமாட்டா. ஆகவே பங்கு பிரிப்பதே என் ஆலோசனை. வங்கி, மின்னஞ்சல், ஊரோடு வீடியோவில் கதைப்பது எல்லாம் மேம்படுத்தல் தொடர்ந்து வருகிற லினக்ஸில். பழைய கணக்கு மென்பொருள் விண்டோஸில், இணையத்தைத் துண்டித்துவிட்டு.

இனி முக்கியமான விஷயம். எங்கள் வீடுகளில் பழைய கொம்பியூட்டர் என்பது வெறும் பெட்டியல்ல. ஊர்க் காணி உறுதியின் ஸ்கான், பிறப்புச் சான்றிதழ், அகதி விண்ணப்பக் கடிதங்கள், அம்மப்பாவின் ஒரேயொரு படம் எல்லாம் அதற்குள் கிடக்கின்றன. மூலப் பிரதி இல்லாதவையும் உண்டு. இரண்டு இயங்குதளம் இருப்பதால் இரண்டு பிரதி இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். இது இரட்டைப் பதிவுக் கணக்கல்ல. வன்தட்டு ஒன்றுதான், அது போனால் இரண்டும் போகும். முதலில் எல்லாவற்றையும் வெளி வன்தட்டு ஒன்றில் பிரதி எடுங்கள். அதை வேறொரு கணினியில் போட்டு, நாலைந்து பைல்களைத் திறந்து பார்த்த பிறகே அடுத்த வேலை.

பிட்லொக்கர் பூட்டு இருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைக் கடதாசியில் எழுதி வைத்துவிட்டுப் பூட்டை நீக்குங்கள். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' வசதியையும் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் அரைத் தூக்கத்தில் கிடக்கும், லினக்ஸ் அதன் பகுதியில் எழுத முடியாது. பிறகு விண்டோஸின் 'டிஸ்க் மனேஜ்மென்ட்' மூலம் சி பகுதியைச் சுருக்கி 50 ஜி.பி. அளவு வெற்றிடம் விடுங்கள். லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவை 8 ஜி.பி. பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடக்குங்கள். நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபையும் ஒலியும் வேலை செய்கின்றனவா என்று அப்போதே பாருங்கள்.

நிறுவும்போது ஓரிடத்தில் மட்டும் அவசரப்படக் கூடாது. விண்டோஸுக்கு அருகில் நிறுவுவதா, வன்தட்டை முழுதாக அழித்து நிறுவுவதா என்று கேட்கும். முதலாவதைத் தெரியுங்கள். இரண்டாவதை அழுத்தினால் உறுதியும் படமும் அந்த நிமிடமே போய்விடும். பிள்ளைகள் செய்து தருவதென்றாலும் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

பின்னர் ஒரு சின்னத் தொல்லை வரக்கூடும். லினக்ஸ் உள்கடிகாரத்தில் கிறீனிச் நேரத்தை வைக்கிறது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று வாசிக்கிறது. நியூ ஜேர்சியில் கோடையில் நான்கு மணித்தியாலமும் குளிர்காலத்தில் ஐந்தும் முந்திக் காட்டும். ஏப்ரல் 15 இரவு எட்டரைக்கு வரிப் படிவம் நிரப்புகிறவருக்குத் திரையில் 16ஆம் திகதி தெரிந்தால் நெஞ்சடைத்துவிடும்! லினக்ஸில் உள்ளூர் நேரத்தையே வைக்கும்படி ஒரு கட்டளை கொடுத்தால் சரியாகும்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய கடிதங்களை லினக்ஸில் திறப்பது பற்றி அடுத்த மாதம் பேசுவேன். அதுவரை அந்த எழுத்துரு பைலையும் மறக்காமல் பிரதி எடுத்து வையுங்கள்.