எலும்புக்குள்ளே என்ன கூத்து நடக்குது, வாங்க!

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற வழியில் எந்தத் தள்ளுவண்டியில் கூழ் குடித்தாலும் சரி, சொம்புக்குள் ஒரு பெருங்கூட்டம் காத்திருக்கிறது. கேழ்வரகு மாவைக் கரைத்து ஓர் இரவு புளிக்க விடுவார்கள். மறுநாள் நொய் போட்டுக் கிண்டும்போது அதிலிருந்த பாக்டீரியா பெரும்பாலும் செத்துப்போகும். போகட்டும்! கிண்டியதை இன்னோர் இரவு வைக்கிறார்களே, அங்கேதான் இரண்டாவது ரவுண்டு. காலையில் ஊற்றுகிற மோரில் வருகிறவர்கள் தனிக் கணக்கு.

"மோர் மிளகாய் வைக்கட்டுமா தம்பி?"

"ரெண்டா வைங்கக்கா!"

கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு, அதனால் எலும்புக்கு நல்லது என்பதெல்லாம் ஊரறிந்த சேதி. திரைக்குப் பின்னால் நடப்பதுதான் சுவாரசியம். முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு மூட்டு வலி என்று வருகிற அம்மாவிடம் "வயிறு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள், ஏற இறங்கப் பார்ப்பார். ஆனால் கேட்க வேண்டிய கேள்விதான்!

எலும்பை அரிக்கிற செல்கள், கட்டுகிற செல்கள் என்று உள்ளே இரண்டு கோஷ்டி. அரிக்கிறவர்களை ஏவிவிடுவது நம் எதிர்ப்பாற்றலைச் சேர்ந்த டிஹெச்17 என்ற டி-செல்கள். அவற்றைத் தட்டி உட்காரவைப்பது டிரெக் செல்கள். இந்தப் பஞ்சாயத்தில் பெருங்குடல் மூக்கை நுழைக்கிறது. நாம் தின்ற நார்ச்சத்தை அங்குள்ள பாக்டீரியா புளிக்கவைத்து பியூட்டிரேட் தயாரிக்கும். அது டிரெக் பக்கம் ஆள் சேர்க்கும். மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் குடல் சுவர் கசியத் தொடங்கும், டிஹெச்17 கை ஓங்கும், எலும்பு கரையும்.

டெல்லி எய்ம்ஸில் ரூபேஷ் ஸ்ரீவாஸ்தவா குழுவினர் 2018இல் இதற்கு 'இம்யூனோபோரோசிஸ்' என்றே பெயர் சூட்டிவிட்டார்கள். சினைப்பை நீக்கிய எலிகளுக்கு பாசில்லஸ் கிளாசி என்ற பாக்டீரியாவைக் கொடுத்தார்கள். எலும்பு இழப்பு குறைந்தது. யார் இந்த கிளாசி? குழந்தைக்குப் பேதி என்றால் டாக்டர் எழுதித்தருவாரே, கழுத்தைத் திருகி வாயில் ஊற்றுகிற குட்டிக் குப்பி, அதற்குள் இருப்பவரேதான்!

ஒரு குட்டிக்கரணமும் உண்டு. 2012இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில், குடலில் ஒரு பாக்டீரியாகூட இல்லாமல் வளர்த்த எலிகளைப் பார்த்தால், அவற்றுக்குத்தான் எலும்பு கூடுதல். பாக்டீரியாவைக் குடியேற்றியதும் பழைய அளவுக்கு இறங்கிவிட்டது. ஆக, குடலில் எல்லாரும் நல்லவர்கள் இல்லை.

மனிதர்களிடம்? அதே ஊரில் 75 முதல் 80 வயதுள்ள 90 பெண்களை எடுத்து, ஒரு பகுதியினருக்கு லாக்டோபாசில்லஸ் ரியூட்டரி என்ற பாக்டீரியாவையும் மற்றவர்களுக்குப் போலி மருந்தையும் கொடுத்தார்கள். ஓராண்டில், ரியூட்டரி எடுத்தவர்களுக்கு முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பின் தேய்மானம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதிதான். 2018இல் இந்த முடிவு வந்ததும் ஒரே கொண்டாட்டம். அடுத்து, மாதவிடாய் அண்மையில் நின்ற 239 பெண்களிடம் இரண்டு ஆண்டு சோதித்து 2024இல் முடிவைச் சொன்னார்கள்: மருந்துக்கும் வித்தியாசம் இல்லை! அதே பாக்டீரியாதான், வயதுதான் வேறு. 75இல் எடுபட்டது 50களில் ஏன் எடுபடவில்லை என்று இப்போது அவர்களே மண்டையைச் சொறிந்துகொண்டிருக்கிறார்கள்.