சீனா விலைக்கு அப்பாவால கொடுக்க முடியுமா?

நீங்க ஐடியில வேலை பார்க்குறீங்க, அப்பா கோயம்புத்தூர்ல சின்னதா ஒரு லேத் ஒர்க்ஷாப் வச்சு பம்ப் உதிரிபாகம் பண்றார்னு வச்சுக்குவோம். வழக்கமா வாங்குற பார்ட்டி, "சீனாவுல 100 ரூபாய்க்கு கிடைக்குது, நீங்க 125 சொல்றீங்களே"ன்னு கேட்டுட்டார். புது மெஷின் வாங்கி விலையைக் குறைக்கலாம், உன் பேர்ல ஒரு பர்சனல் லோன் எடுத்துக் கொடுன்னு அப்பா கேட்கிறார். கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அந்த 100 ரூபாயை ஒரு பேப்பர்ல பிரிச்சுப் பாருங்க.

100 ரூபாய்ங்கிறது நம்ம துறைமுகம் வரைக்குமான விலை. சுங்க வரி 10% இருந்தா 10 ரூபாய் (இது பொருளுக்குப் பொருள் மாறும், எச்எஸ்என் கோடு வச்சுப் பாருங்க). அந்த வரி மேல 10% சமூக நல சர்சார்ஜ், 1 ரூபாய். ஆச்சு 111. ஐஜிஎஸ்டி இன்புட் கிரெடிட்டா திரும்பி வந்துடும், அதைச் சேர்க்க வேண்டாம். கிளியரிங், லாரி வாடகை ஒரு 4 ரூபாய். பணத்தை முன்கூட்டியே கட்டிட்டு சரக்குக்கு மூணு மாசம் காத்திருந்தா, 12% வட்டியில 3 ரூபாய். ரிஜெக்ட் ஆகுற பீஸுக்கு 2 ரூபாய். மொத்தம் 120. அப்போ வித்தியாசம் 25 இல்லை, 5 ரூபாய்தான்!

இப்போ அப்பா பக்கம் வருவோம். பார்ட்டி 120 நாள் கழிச்சுதான் பணம் தர்றார்னா, அந்த வட்டியை சுமக்குறது அப்பா. அது 45 நாளா குறைஞ்சா, 125 ரூபாய் சரக்குக்கு சுமார் 3 ரூபாய் மிச்சம். உத்யம் பதிவு இருக்கிற குறு, சிறு உற்பத்தியாளருக்கு இதைக் கேட்க சட்டமே இருக்கு: எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள், இல்லைன்னா 15 நாள். தாண்டினா, 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, வாங்கினவர் அந்தச் செலவை பணம் கொடுத்த வருஷத்துலதான் கழிக்க முடியும். பார்ட்டியோட ஆடிட்டருக்கு இது நல்லாவே தெரியும். சண்டை போடாம, இன்வாய்ஸ்ல உத்யம் நம்பரைப் போட்டாலே பாதி வேலை முடியும். மீதி 2 ரூபாயை, 50 பீஸ்னாலும் அடுத்த வாரமே தர்றேன்னு சொல்லி அப்பா வாங்கிடலாம். கப்பல்ல வர்ற சரக்கால அது முடியாது.

அரசாங்கம் தடுக்காதான்னு கேட்பீங்க. தடுக்கும். கோவில்பட்டி, சிவகாசி தீப்பெட்டிக்காரங்க தொடர்ந்து கேட்டதுல, 2023-ல 20 ரூபாய்க்கும் குறைவான லைட்டர் இறக்குமதிக்கே தடை வந்துச்சு. ஆனா அது ஒரு தொழிலே சேர்ந்து கேட்டது. பொருள்குவிப்பு தடுப்பு வரி கேட்கணும்னாலும், உள்நாட்டு உற்பத்தியில குறைஞ்சது 25% வச்சிருக்கிறவங்க ஆதரவு வேணும். அப்பா அசோசியேஷன் மூலமாத்தான் போகணும்.

இவ்வளவு போட்டும் வித்தியாசம் 15, 20 ரூபாய் வந்தா, அந்த அயிட்டத்தை விட்டுடச் சொல்லுங்க. வேற பாகத்துக்காக மெஷின் தேவைன்னா, சிஜிடிஎம்எஸ்இ உத்தரவாதத்துல அடமானம் இல்லாம ஒர்க்ஷாப் பேர்லயே பேங்க்ல கேளுங்க. உங்க சிபில் ஸ்கோரை அதுல கொண்டுபோய் வைக்காதீங்க.